பேய்ப் படக் கேசட்டைத் தேடி அலையும் மனிதர்கள்!

1980-களில் 'டெக்' வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த தலைமுறைக்கு, செங்கல் போல இருக்கும் அந்தக் கறுப்பு வீடியோ கேசட் நன்றாகவே நினைவிருக்கும். தெருவே ஒரு வீட்டில் கூடி விடிய விடிய மூன்று படம் பார்க்கும். காலையில் கேசட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. அதை யாராவது பொக்கிஷமாகச் சேர்ப்பார்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இன்றைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அப்படிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் அவர்கள் தேடுவது ஹாலிவுட்டின் பெரிய படங்களை அல்ல. யாருமே கண்டுகொள்ளாத, சில ஆயிரம் டாலரில் எடுக்கப்பட்ட மட்டமான பேய்ப் படங்களை! அரிதான ஒரு கேசட்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கவும் அவர்கள் தயார்.

பேய்கள் பிறந்த கதை

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் வி.எச்.எஸ். கேசட்டை அறிமுகம் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் மூலைக்கு மூலை வீடியோ கடைகள் முளைத்தன. கடைகள் பெருகிய வேகத்துக்குப் படங்கள் கிடைக்கவில்லை. பெரிய ஸ்டுடியோக்களோ தங்கள் படங்களைக் கேசட்டில் கொடுக்க ஆரம்பத்தில் தயங்கின. காலியாகக் கிடந்த அலமாரிகளை நிரப்ப என்ன கிடைத்தாலும் வாங்கக் கடைக்காரர்கள் தயாராக இருந்தார்கள்.

அங்கேதான் பேய்கள் நுழைந்தன. பேய்ப் படத்துக்குப் பெரிய நட்சத்திரம் வேண்டாம். ஒரு பழைய வீடு, நாலு நண்பர்கள், கொஞ்சம் சிவப்புச் சாயம் போதும். வீடியோ கேமராவும் விலை குறைந்தபோது ஃபிலிம் செலவும் மிச்சமானது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் எடுக்கப்பட்ட 'பிளட் கல்ட்' (1985) போன்ற படங்கள் தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வீடியோ கடைக்கு வந்தன.

வாடகைக்கு எடுப்பவர் பார்ப்பது அட்டையை மட்டும்தான். அதனால் அட்டைப்பட ஓவியத்தில் கைவரிசையைக் காட்டினார்கள். அட்டையில் மிரட்டும் பேய், படத்தில் தலைகாட்டாமலே போவதும் உண்டு!

தடையே விளம்பரம்

பிரிட்டனில் இந்தப் படங்கள் பெரிய பிரச்னையாகவே வெடித்தன. தியேட்டருக்கு வரும் படங்களுக்குத் தணிக்கை இருந்தது, கேசட்டுக்கு இல்லை. குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் கொதித்தன. கடைகளில் சோதனை நடந்தது. 'வீடியோ நாஸ்டி' என்று பெயர் சூட்டப்பட்ட 72 படங்கள் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பட்டியலில் இடம்பெற்றன. 1984-ல் கேசட்டுக்கும் தணிக்கையைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. பின்னாளில் 'ஸ்பைடர்மேன்' படங்களை இயக்கிய சாம் ரெய்மியின் 'ஈவில் டெட்' படமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அன்று கடைகளிலிருந்து அள்ளப்பட்டவை போக மிஞ்சிய கேசட்டுகளைத்தான் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலே சேகரிப்பாளர்களுக்குக் கொள்முதல் பட்டியலாகிவிட்டது.

ஒரு தாய், ஒரு புத்தகம், இறந்த மகன்

இதெல்லாம் வெறும் கிறுக்குத்தனம்தானே என்று தோன்றலாம். செஸ்டர் டர்னரின் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மனம் வராது.

சிகாகோவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் அவர். 1984-ல் வீடியோ கேமராவில் 'பிளாக் டெவில் டால் ஃப்ரம் ஹெல்' என்ற படத்தை எடுத்தார். பிறகு 1987-ல் 'டேல்ஸ் ஃப்ரம் த குவாடெட் ஸோன்'. இறந்துபோன மகனின் ஆவிக்கு ஒரு தாய் கதை படித்துக் காட்டுவதுதான் இரண்டாவது படம். அவள் படிக்கும் கதைகளில் ஒன்று, எல்லோருக்கும் சாப்பாடு போதாத ஒரு ஏழைக் குடும்பத்தைப் பற்றியது. சத்தம் இரையும், படம் மங்கும். ஆனாலும் வேறு யாரும் எடுத்திருக்க முடியாத படம் அது.

இரண்டாவது படத்தை டர்னரே வெளியிட்டார். மிகச் சில பிரதிகள்தான் வெளியே போயின. அவரும் சினிமாவை விட்டு ஒதுங்கினார். கார் விபத்தில் இறந்துவிட்டார் என்றே ரசிகர்கள் நம்பிவந்தார்கள்.

கேசட் சேகரிப்பாளர்கள் மட்டும் அவரை விடவில்லை. ஒரு பிரதி கிடைத்தாலே திருவிழாபோலக் கொண்டாடினார்கள். அந்த ஆர்வத்தில் தேடிப்போனவர்கள் அவரை உயிரோடு கண்டுபிடித்தார்கள்! 2013-ல் அவரது இரண்டு படங்களும் டி.வி.டி-யாக வெளிவந்தன. கால் நூற்றாண்டாக அலமாரி மூலையில் கிடந்த கேசட்டுகள்தான் ஒரு மனிதரின் பெயரை அவருக்கே திருப்பிக் கொடுத்தன.

பல்கலைக்கழகமும் வாங்கியது

பெரிய நிறுவனத்தின் படமென்றால் டி.வி.டி., ஓ.டி.டி. என்று புது வடிவத்துக்கு மாறிவிடும். இந்தக் குட்டிப் படங்களுக்கு உரிமையாளர் யாரென்றே பல நேரம் தெரியாது. மூல டேப்பும் இருக்காது. கடைக்குப் போன கேசட் ஒன்றுதான் மிச்சம். அது குப்பைக்குப் போனால் படமே போச்சு.

இதைப் புரிந்துகொண்ட அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகம், 2015-ல் சுமார் 2,700 வி.எச்.எஸ். கேசட்டுகளை வாங்கியது. பெரும்பாலும் 1970, 80-களின் பேய்ப் படங்களும் மசாலாப் படங்களும்தான். ஒரு காலத்தின் பயம், ஆசை, அரசியல் எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கிறது என்பதே காரணம்.

ஆனால், காலம் காத்திருக்காது. கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகல பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் ஒட்டியிருக்கும் காந்தத் துகள்களில்தான் படம் பதிவாகியிருக்கிறது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வருடங்கள் ஓடஓட நிறம் மங்கும், கோடு விழும். போட்டுப் பார்க்கும் கருவியும் அரிதாகிவிட்டது. உலகில் கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

உங்கள் பரணில் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் பேய்ப் படம் இல்லாமல் இருக்கலாம். அப்பா, அம்மா கல்யாணக் கேசட் இருக்குமே! அதற்கும் உலகிலேயே ஒரே ஒரு பிரதிதான் இருக்கக்கூடும். சேகரிப்பாளர்கள் கடைப்பிடிக்கும் சில எளிய விஷயங்கள் நமக்கும் உதவும்:

* கேசட்டைப் படுக்கவைக்காமல், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் ஈரமும் ஆகாது. ஸ்பீக்கர் பக்கத்திலும் வேண்டாம்.

* ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூத்திருந்தால் டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை டெக்குக்கும், அதிலிருந்து மற்ற கேசட்டுகளுக்கும் பரவும்.

* கேசட்டின் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால், மேலே வேறு எதுவும் தவறுதலாகப் பதிவாகாது.

* நல்ல நிலையில் இருக்கும்போதே டிஜிட்டலுக்கு மாற்றி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அசல் கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

முன்பின் தெரியாத ஒருவர் எடுத்த பேய்ப் படத்துக்காக ஊர் ஊராக அலைகிறார்கள் அவர்கள். நம் பாட்டி சிரிக்கும் அந்த இரண்டு நிமிடக் காட்சிக்காக, நாம் பரண் வரைக்கும் ஏறினால் போதும்.