எந்தக் கல்லூரியில் சேரலாம்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் மயிலை, தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாழும் எளிய குடும்பங்களில் ஒரே கேள்விதான் எழுகிறது: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? அக்குடும்பத்தில் முன்பு எவரும் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை என்றால், விடை சொல்லவும் ஆள் இருப்பதில்லை. விளம்பரமும், தெருவில் யாரோ சொன்ன சொல்லுமே வழிகாட்டிகள் ஆகிவிடுகின்றன. வட்டிக்கு வாங்கி முதலாண்டுப் பணத்தைக் கட்டிவிட்டு, இரண்டாமாண்டில் வழியின்றிப் படிப்பை நிறுத்துவோரும் உண்டு. இடம் கிடைப்பது ஒன்று. மூன்றாண்டுகள் நிலைத்து நின்று பட்டம் பெறுவது மற்றொன்று. ஆகவே, கவனிக்க வேண்டியவை எவை என இங்குக் காண்போம்.

கட்டணம்

அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி எனக் கல்லூரிகள் மூவகைப்படும். 1840இல் தோன்றிய மாநிலக் கல்லூரி, 1914இல் தோன்றிய இராணி மேரி கல்லூரி, 1974இல் தோன்றிய காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி, நந்தனம் அரசு கலைக் கல்லூரி ஆகியவை முதல் வகையின. இவற்றில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைகளே உண்டு. கட்டணம் குறைந்தால் தரமும் குறையும் என்பது தவறான எண்ணம். 2023ஆம் ஆண்டுத் தேசியத் தரவரிசையில் கல்லூரிகளுள் மூன்றாம் இடம் பெற்றது நம் மாநிலக் கல்லூரியே அன்றோ?

உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இயங்கும். கல்லூரியின் பெயர் ஒன்று, கட்டணமோ வெவ்வேறு. எனவே, 'இடம் எந்தப் பிரிவில்?' என்பதையே முதலில் கேட்க வேண்டும். முதலாண்டுத் தொகையை மட்டும் கேட்காமல், மூன்றாண்டுக்கும் ஆகும் மொத்தச் செலவையும் கேட்டு எழுதிக்கொள்வது நலம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்.

உதவித்தொகை

69 விழுக்காடு இட ஒதுக்கீட்டைப் பெறச் சாதிச் சான்றிதழ் தேவை; உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழும் வேண்டும். தேர்வு முடிவுக்கு முன்பே இவற்றை வாங்கி வைக்காதவர்கள் கடைசி நாளில் அலைய நேரிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தோர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க, மாணவியர்க்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை தொழிற்கல்விக்கு உரியது; கலைக் கல்லூரிக்கும் அது உண்டென்று நம்பி ஏமாறுவோர் பலர்.

தொலைவு

அடையாறிலிருந்து வருபவர் பறக்கும் இரயிலில் ஏறினால், கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி இராணி மேரிக்கும், சேப்பாக்கத்தில் இறங்கி மாநிலக் கல்லூரிக்கும் செல்லலாம். ஆனால் நகரின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நாள்தோறும் பல மணி நேரத்தைப் பேருந்திலேயே கழிக்கின்றனர். காலை வகுப்பா, மாலை வகுப்பா, அருகில் விடுதி உண்டா என்பன அவர்களுக்குச் சிறு செய்திகள் அல்ல. சைதாப்பேட்டையிலுள்ள எம்.சி. ராஜா விடுதி ஆதிதிராவிட மாணவர் பலருக்குப் பட்டத்தின் வாயிலாக அமைந்தது.

அரவணைப்பு

நம்மைப் போன்றோர் அங்கே படிக்கிறார்களா, தமிழ் வழியில் வகுப்பு உண்டா, பாடம் புரியாவிட்டால் தயங்காமல் கேட்கும் சூழல் உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோர்க்கெனத் தனியே பட்ட வகுப்புகள் நடப்பது அரவணைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் இலத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவர்கள் 25 விழுக்காட்டுக்குக் குறையாத கல்லூரிகளை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தனி வகையாக ஏற்றது. மாணவன் படிப்பில் நிலைக்க உடன் பயில்வோரும் காரணம் என்பதை அந்நாடும் உணர்ந்திருந்தது எனலாம்.

நண்பர்களே! இச்செய்திகள் நமக்குப் பழகியவை. நம் தெருவில் இருப்போருக்குப் புதியவை. அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. வரும் கோடை விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் அமர்ந்து, விண்ணப்பத்தை நிரப்ப உதவுவோம். பேராசிரியப் பெருமக்களும் இதற்கு வழிகாட்டினால், கடனில் மூழ்காமல் கரையேறும் குடும்பங்கள் பலவாகும்.