சம்பூரில் நிலக்கரி ஏன் எரியவில்லை?

மூதூரை அடுத்த சம்பூரில் ஒரு நிலக்கரிப் புகைபோக்கி எழும்பியிருக்க வேண்டும். இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்டிபிசியும் கூட்டாகத் திட்டமிட்ட மின் நிலையம், 500 மெகாவாட். 2016 செப்டம்பரில், அதைச் சம்பூரில் கட்டப்போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. சுற்றாடல் அமைப்பொன்று போட்ட வழக்கு அது.

வழக்கு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. 2006இல் போர் துரத்திய சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறத்தாழ ஒன்பது வருடம் கிடந்தார்கள். 2015இல் காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியபோதும் மின் நிலையத் திட்டம் பக்கத்திலேயே காத்திருந்தது. இவ்வளவு பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? மூதூர்ப் பக்கம் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இத்தகைய நிலையம் கடல்நீரை இழுத்து, நீராவியைக் குளிர்வித்து, சூடாகவே திரும்பக் கடலில் விடும். அங்கே இருப்பதோ கொட்டியாரக்குடா. மகாவலி வந்து கலக்கும் இடம். மூதூர் மீனவரின் சோறு அதில்தான். வெப்பத்தைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் 2011 முதல் நிலக்கரி எரியும் நுரைச்சோலை மின் நிலையத்தின் சாம்பல், அறிக்கை படிக்காதவருக்கும் விஷயத்தை விளக்கிவிட்டது. ஆட்சி மாற்றமும் துணை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இத்தகைய திட்டங்களில் ஊர் குரல் கொடுக்கச் சட்டத்தில் ஒரு கதவு உண்டு. தேசிய சுற்றாடல் சட்டப்படி, தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள். தடித்த தொழில்நுட்ப அறிக்கையை, கடலுக்குப் போய்வரும் மனிதர் ஒரு மாதத்தில் படித்துப் பதில் எழுதுவது நடக்கிற காரியமா? கருத்துக் கேட்டோம் என்று கோப்பை மூடத்தான் இது உதவும். அறிக்கை வருவதற்கு முன்பே ஊரிடம் சொந்தக் கணக்கு இருந்தால் கதை வேறு: எந்த மாதம் எந்த மீன், எந்தக் கிணறு எப்போது உவர்க்கிறது, மாடு எங்கே மேய்கிறது என்று.

இப்போது அதே சம்பூரில் சூரிய மின் நிலையம். 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். 120 மெகாவாட், புகையில்லை. நல்லதுதான், ஆனாலும் அதற்கும் நிலம் வேண்டும். மீனவர் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தோடு சேர்ந்து அந்தக் கணக்கை இப்போதே எழுதத் தொடங்கட்டும்.