மாதிரி விமானத்தின் மின்வலியைப் பெருக்குதல்

தரையிலிருந்து வானொலி அலைகளால் செலுத்தப்படும் சிறு மாதிரி விமானம் விளையாட்டுப் பொருளே போலத் தோன்றும். ஆயினும் பௌதிக சாஸ்திரத்தை இத்துணை இனிதாகக் கற்பிக்கும் கருவிகள் சிலவே. 1957 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்னும் மாதிரியை மின்மோட்டாரால் பறக்கவிட்டார். முறைப்படி பதிவுபெற்ற மின்விசைப் பறத்தல்களுள் அதுவே முதலாவது. அவர் கையாண்டது வெள்ளியும் துத்தநாகமும் கொண்ட பாட்டரி. இன்று நாம் கையாள்வது லித்தியம் பாலிமர் பாட்டரி. எடை குறைந்து வலி மிகுந்துவிட்டமையால், பறக்கப் பழகியோர்க்கு இன்னும் விரைவு வேண்டுமென்னும் ஆசை எழுவது இயல்பு. அதனை நிறைவேற்றும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

பாட்டரி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டார், சுழல்விசிறி ஆகிய நான்கும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒன்றனை மாற்றின் ஏனைய மூன்றும் அதன் பளுவை ஏற்றாக வேண்டும். இவற்றுள் மின்சாரத்தை எவ்வளவு இழுப்பது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் விசிறியே. அதற்கு வேண்டும் வலி, சுழலும் வேகத்தின் கனத்திற்கும் குறுக்களவின் நான்காம் அடுக்கிற்கும் ஏற்பப் பெருகும்.

ஓர் உதாரணம் காண்போம். 7.4 வோல்ட் பாட்டரியும் 9 அங்குல விசிறியும் கொண்ட விமானம் 10 ஆம்பியர் இழுக்கிறது. அதன் வலி 74 வாட். பாட்டரியை மட்டும் 11.1 வோல்ட்டாக மாற்றுவோமாயின், வேகம் ஒன்றரை மடங்காகும். வலியோ மூன்று மடங்கிற்கும் மேற்பட்டு 250 வாட்டை அணுகும். மின்னோட்டம் 22 ஆம்பியரைத் தாண்டும். இழப்புக்களால் இது சிறிது குறையுமெனினும், 18 ஆம்பியருக்கென அமைந்த கட்டுப்பாட்டுக் கருவி கருகிப்போதல் கூடும். விசிறியை 8 அங்குலமாகக் குறைத்தாலோ, 14 ஆம்பியரும் ஏறக்குறைய 155 வாட்டுமே ஆகும். வலி இருமடங்காயிற்று, கருவியும் பிழைத்தது. மோட்டார் அவ்வளவைத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதுவே.

பலரும் கவனியாத ஆபத்து ஒன்று உளது. சிறு விமானங்களில் வானொலி வாங்கிக்கும் சர்வோக்களுக்கும் வேண்டிய 5 வோல்ட் மின்சாரத்தை வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே அளிக்கிறது. எளிய வகைக் கருவிகள் மிகுதியான வோல்ட்டை வெப்பமாகவே கழிக்கும். 7.4 வோல்ட்டில் கழிய வேண்டுவது 2.4, 11.1 வோல்ட்டிலோ 6.1. வெப்பம் இரண்டரை மடங்காகிறது. அது பொறாது கருவி நின்றுவிடின், விமானம் நம் கட்டளை கேளாமல் எங்கேனும் வீழும். ஆதலின் வோல்ட்டை உயர்த்துவோர் ஸ்விட்சிங் வகைக் கருவியைக் கொள்ளுதல் நன்று.

நமது மதுரைச் சமவெளியின் கோடை இதனை இன்னும் கடுமையாக்குகிறது. 40 பாகை வெப்பத்தில் இங்குள்ள காற்று, கடல் மட்டத்தில் 15 பாகையிலுள்ள காற்றைவிட நூற்றுக்கு 9 பங்கு அடர்த்தி குறைந்தது. ஒரே வேகத்தில் சுழலினும் விசிறியின் உந்துவிசை அவ்வளவு குறையும். கருவிகள் ஆறுதலும் அரிது. ஆகவே 14 ஆம்பியர் இழுக்கும் அமைப்புக்கு 20 ஆம்பியர்க் கருவி வைப்பதே விவேகம். பாட்டரியை வெயிலில் நின்ற மோட்டார் வண்டிக்குள் விட்டுவைத்தலும் ஆகாது. அது உப்பித் தீப்பற்றவும் கூடும்.

எடையையும் மறவற்க. விமானத்தின் எடை ஐந்தில் ஒரு பங்கு ஏறின், அது விழாமல் பறப்பதற்கு வேண்டிய குறைந்த வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும், தரையிறக்கம் கடினமாகும். புதிய பாட்டரியை வைத்தபின் ஈர்ப்பு மையம் பழைய இடத்திலேயே நிற்கிறதா எனவும் பார்த்தல் வேண்டும்.

இவையனைத்தையும் ஊகத்தால் அன்றி, வாட் மீட்டரால் அறிதலே முறை. விமானத்தை உறுதியாகக் கட்டி, விசிறிக்கு எதிரே எவரும் நில்லாமல், சில விநாடிகள் முழுவேகத்தில் ஓட்டி அளவைக் குறித்துக்கொள்க. பின்னர், அறுவடை முடிந்து ஆளும் மாடும் இல்லாத வயல்வெளியில் பறக்கவிடலாம். விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருத்தலின், 2021 ஆம் ஆண்டு விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுக்கப்பட்ட வான்வெளிப் படத்தை முன்னரே நோக்குதல் கடமையாம். விலைமிக்க மோட்டாரை வாங்குமுன் ஒரு வாட் மீட்டரை வாங்குவோர்க்குப் பொருளும் மிஞ்சும், விமானமும் மிஞ்சும்.