மாதவியின் மாற்றமும் மடலின் இலக்கணமும்

பல பாகங்களாக விரியும் கற்பனைக் கதைகளில், தொடக்கத்தில் குறையுடையவராகத் தோன்றும் காதலரோ காதலியோ இறுதியில் அறவழிப்பட்டவராக மாறுவதுண்டு. அம்மாற்றம் கதையினுள்ளேயே விளைந்ததா, அன்றி ஆசிரியரின் தேவைக்காகப் புகுத்தப்பட்டதா என்பது வாசகர் எழுப்பும் வினா. தமிழில் இவ்வினாவை வைத்துப் பார்ப்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. இரட்டைக் காப்பியங்கள் எனப்படும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் ஒரே கதையின் தொடர்ச்சி. தெய்வங்களும் வான்வழிச் செலவும் முற்பிறப்புணர்வும் அவற்றுள் இயல்பாக இடம்பெறுகின்றன. முதற் காப்பியத்தில் ஆடல் மகளாக அறிமுகமாகும் மாதவி இரண்டாவதில் துறவுக்கோலத்தில் நிற்கிறாள். இடையில் நிகழ்ந்த மாற்றம் ஏற்கத்தக்கதாக அமைந்துள்ளதா என்பதை மொழியியல் நோக்கில் ஆராயலாம். அது மொழிபெயர்ப்பாளரையும் நேரடியாகத் தொடும் சிக்கல்.

திருவனந்தபுரத்தில் இவ்வாய்வுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஆற்றுகால் பகவதி கண்ணகியே என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் கொடுங்கல்லூர்ப் பகவதியை எழுந்தருளச் செய்து தோற்றம்பாட்டுத் தொடங்கப்படுகிறது. ஒன்பதாம் நாள் பாண்டியன் வதைப்பகுதி பாடப்பெற்றதும் பொங்காலை அடுப்பில் தீ மூட்டப்படுகிறது. அச்சடங்கில் கதைத்தலைவி முதல் நாளிலேயே தெய்வம்; அவள் எதுவாகவும் மாறவேண்டியதில்லை. பாட்டின் மையம் அவளே. ஆகவே மாதவியை மலையாளத்திற்குக் கொண்டுவர விழையும் மொழிபெயர்ப்பாளர் காப்பியப் பாடத்தையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டியவராகிறார்.

பாடத்தில் முதலில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பன்னிரண்டு வயதில் அரங்கேறிய மாதவியின் மாலை 1,008 கழஞ்சு பொன்னுக்கு விலைகூறப்படுகிறது. கோவலன் அதனை வாங்கி அவளை அடைகிறான். பின்னர்க் கடற்கரையில் யாழிசையோடு பாடிய கானல்வரிப் பாடல்களை ஒருவர் பாட்டை மற்றவர் தவறாக உணர்ந்து பிரிகின்றனர். அதன்பின் இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. எனவே மாதவியின் மாற்றத்தைக் கோவலன் கண்ணால் காண்பதில்லை. மடல், தூது, பிறர் கூற்று ஆகியவற்றின் வழியாகவே அது புலனாகிறது. மேடையிலும் திரையிலும் இக்கதையைக் கண்டு பழகியவர்கள் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

மாதவி எழுதும் மடல்கள் இரண்டு. வேனிற்காதையில் வரும் முதல் மடல் தாழை இதழில் எழுதப்பட்டு வசந்தமாலையின் கையில் செல்கிறது. அதில் வினைகளின் எழுவாய்கள் இளவேனில், திங்கள், காமன் ஆகியோரே. குற்றம் அவர்கள்மேல் ஏற்றப்படுகிறது. எழுதியவள் வாக்கியத்தின் ஓரத்தில் நிற்கிறாள். கோவலன் மடலை ஏற்க மறுக்கிறான். அவளுடைய அன்புச் செயல்கள் அனைத்தையும் வரிக்கூத்தின் எட்டு வகைகளாக எண்ணி, அவை ஆடல் மகளின் நடிப்பே என ஒதுக்குகிறான். கடுமையான தீர்ப்புத்தான். ஆயினும் அந்த மடலின் மொழியை நோக்கின் அது முற்றிலும் ஆதாரமற்றது என்று கூறவும் இயலவில்லை.

புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகமாணி கொணரும் இரண்டாம் மடல் வேறு இலக்கணம் உடையது. அங்கே பருவம் இல்லை, நிலவு இல்லை. ‘யான்’ என்பது எழுவாயாகிறது. விளிப்பு ‘அடிகள்’ என உயர்கிறது. பெற்றோர்க்குச் செய்யும் பணியை விட்டுக் குலமகளோடு இரவில் நீங்கியமைக்குக் காரணமான தன் பிழை தனக்கே தெரியவில்லை என்பதே செய்தி. அதைப் படித்த கோவலன் தீது அவளுடையதன்று, தன்னுடையதே எனத் தெளிகிறான். அதன்பின் அவன் செய்வது வியப்பிற்குரியது. அம்மடலின் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதவேண்டியதற்கும் பொருந்துகின்றன எனக் கருதி, அதையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்தனுப்புகிறான்.

காதலி எழுதிய மடலை ஓர் எழுத்தும் மாற்றாமல் மகன் தன் மன்னிப்பு மடலாக எவ்வாறு அனுப்ப இயலும்? விடை இலக்கணத்தில் உள்ளது. தமிழில் தன்மை இடப்பெயரும் தன்மை வினைமுற்றும் பால் காட்டுவதில்லை. இரவில் நீங்கியதைச் சொல்லும் இடத்தில் முற்றுவினை வராமல் தொழிற்பெயர் வருகிறது. நீங்கியவர் யார் என்பதை அது வெளிப்படையாகக் குறிப்பதில்லை. மாதவி எழுதும்போது ‘நீர் நீங்கியது’ எனவும், கோவலன் அனுப்பும்போது ‘நான் நீங்கியது’ எனவும் அது பொருள்படும். வேண்டுகோளைச் சொல்லும் ‘வேண்டும்’ என்னும் வினையும் இடம் காட்டாதது. அவளுடைய ‘யான்’ அவனுடைய ‘யான்’ ஆகிறது. பிழையை ஏற்கும் சொற்களை அவன் அவளிடமிருந்தே கற்றுக்கொள்கிறான் எனலாம். இருவர் மாற்றமும் ஒரே ஓலையில் நிகழ்கின்றது. மாதவியின் மாற்றத்திற்குக் காப்பியம் தரும் மிக வலிய சான்று இதுவே. அவள் தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பதைவிட, அவள் மொழி மற்றொருவர் வாயில் உண்மையாக நிற்கிறது என்பதே இங்கு முக்கியம்.

மொழிபெயர்ப்பில் இது எளிதில் சிதைகிறது. 1939இல் வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதரும் 1993இல் ஆர். பார்த்தசாரதியும் சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் தந்துள்ளனர். ஆங்கிலத்தில் பெயர்க்கும் எவரும் நீங்கியவர் யார் என்பதைக் காட்டும் ஓர் உடைமைப் பெயரைச் சேர்க்க நேரும். ‘உமது’ என்ற பொருளில் அதைச் சேர்த்தவுடன் மடல் பெற்றோர்க்குரியதாக நிற்காது. இந்தியில் இறந்தகாலத் தன்மை வினையே பெரும்பாலும் ஆண்பால், பெண்பால் காட்டும். ஒரு வினையையேனும் திருத்தாமல் கோவலன் அதனை அனுப்ப முடியாது. மலையாள வினைமுற்றோ இடமும் பாலும் காட்டுவதில்லை. ஆதலின் இம்மடலைப் பொறுத்தவரை மலையாளம் தமிழைவிடவும் வசதியானது.

மாதவி துறவு பூண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் நேர்க்காட்சியாக இல்லை. நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனுக்குக் கூறும் செய்திகளுள் ஒன்றாக வருகிறது. அவள் தன் வாயால் பேசுவது மணிமேகலையின் ஊரலர் உரைத்த காதையில். இந்திரவிழாவில் ஆடவருமாறு சித்திராபதி அனுப்பிய தூதாக வருபவள் அதே வசந்தமாலை. முன்பு கோவலனை அழைத்துவர மாதவி அனுப்பியவள், இப்போது மாதவியையே அழைக்க வருகிறாள். முன்போலவே வெறுங்கையோடு திரும்புகிறாள். காதலன் இறந்தது கேட்டும் உயிர் நீங்காமல் நாணிழந்து வாழ்வதாக மாதவி கூறுகிறாள். மணிமேகலையைக் கண்ணகியின் மகளாகவே சொல்லி, அவளைக் கணிகையர் வாழ்வுக்கு விடமறுக்கிறாள். வேனிலையும் நிலவையும் பழித்த குரல் இங்கு இல்லை. இரண்டாம் மடலில் கேட்ட குரல் தொடர்கிறது. பின்னர் அவள் முற்பிறப்பில் தாரை என்னும் பெயரினள் என்று கூறப்படுவது பௌத்த வினைக்கோட்பாட்டிற்குத் தேவைப்படலாம். மாற்றத்தின் நம்பகத்தன்மைக்கு அது எதையும் சேர்ப்பதாகத் தெரியவில்லை. மணிமேகலையை மட்டும் படிப்பவர்க்கு மாதவியின் துறவு முடிந்துபோன செய்தி. அதற்குரிய விலை முந்தைய காப்பியத்தில் கொடுக்கப்பட்டுவிட்டது.

எஞ்சுவது ‘அடிகள்’ என்னும் சொல். மடலில் அது காதலனை விளிக்கிறது; மணிமேகலையில் அவள் அறங்கேட்ட ஆசானின் பெயர் அறவண அடிகள். காதலனுக்கு அளித்த மதிப்புச்சொல் ஆசானைச் சென்றடைவதைத் தமிழ் வாசகர் தனியே சுட்டப்படாமலே உணர்வர். மலையாளத்தில் ‘அடிகள்’ என எழுதினால், கொடுங்கல்லூர்க் கோயிலில் பூசனை புரியும் சமூகத்தாரின் பெயராக அது படிக்கப்படக்கூடும். ‘அங்ஙு’ எனப் பெயர்த்தால் மதிப்பு நிற்கும், துறவின் சாயல் நீங்கும். இரு நூல்களையும் ஒருவரே பெயர்ப்பாராயின் இரண்டிடத்திற்கும் பொருந்தும் ஒரு சொல்லை முதல் நூலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். வெவ்வேறு மொழிபெயர்ப்பாளர் கையில் அவை செல்லும்போது அத்தொடர்பு பெரும்பாலும் அறுந்துபோகிறது.