சேற்றில் பதிந்த காடும் பதியாத பால்மரமும்

பழங்காலத் தட்பவெப்பத்தையும் தாவர நிலையையும் அறிய இலக்கியமும் கல்வெட்டும் ஓரளவே துணைசெய்யும். அவற்றிற்கு முந்திய காலத்திற்கு நீர்நிலைகளின் அடிச்சேறே ஆவணமாகிறது. அவ்வாவணத்தை எவ்வாறு படிப்பது, அது எங்கே மௌனம் காக்கும் என்பனவற்றைப் பேராக் மாநிலத்தை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியின் அடியில் வண்டலும் இலைதழையும் மகரந்தமும் அடுக்கடுக்காகப் படிகின்றன. மகரந்தத்தூளின் மேலுறை எளிதில் அழியாதது. காற்றுப்புகாச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுத்த சேற்றுத்தூணை அடுக்குவாரியாக நுண்நோக்கியில் ஆராய்ந்து, எக்காலத்தில் எத்தாவரம் மிகுந்தது எனக் கணிப்பர். சுவீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் வோன் போஸ்ட் 1916இல் இம்முறையை எண்ணிக்கை அடிப்படையில் முன்வைத்தார். அடுக்குகளின் வயதைக் கதிரியக்கக் கரிமத்தாலும், அண்மைய நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாயின் காரீயம்-210ஆலும் கணக்கிடுவர்.

தமிழுலகிற்கு நெருக்கமான சான்று ஏரியிலன்று, நீலகிரியின் சதுப்பில் கிடைத்தது. அங்குச் சோலைகளுக்கிடையே பரந்துள்ள புல்வெளிகள், மனிதர் காடழித்தும் தீயிட்டும் உண்டாக்கியவை என ஒரு சாரார் கருதினர். உதகை அருகேயுள்ள சாண்டிநல்லாச் சதுப்பில் முற்றும் மக்காது தங்கிய தாவரப் படிவை ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து, 1993இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பநிலப் புற்கள் பல, கரிமத்தை ஏற்கும் வழியில் மரங்களினின்று வேறுபடுவன. ஆதலின் அவற்றின் எச்சத்தில் கரிமம்-13இன் விகிதமும் வேறுபடும். இதனைக் கொண்டு, ஏறத்தாழ 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன் அம்மலையில் வறட்சி நிலவிப் புல் மேலோங்கியது எனவும், 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்தது எனவும் அவர்கள் காட்டினர். புல்வெளி மிகத் தொன்மையானது. பின்னாளில் அதனைத் தரிசெனக் கருதித் தைலமரமும் சீகையும் நட்டதை எண்ணின், இது வெறும் ஏட்டு விவாதமன்று எனலாம்.

பேராக்கிற்கு வருவோம். லெங்கோங் அருகே கோத்தா தம்பானில், ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பல் காணப்படுகிறது. அடுக்குகளுக்கு வயது குறிக்க இத்தகைய சாம்பல் நல்ல அடையாளம். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் குட்டைகளோ ஏமாற்றம் தருவன. அவற்றுள் பெரும்பாலானவை வெள்ளீயம் தோண்டிய ஈயலம்பப் பள்ளங்கள். பழைய அடுக்குகள் அங்கே புரட்டப்பட்டுவிட்டன. பேராக் ஆற்றில் 1930இல் கட்டிமுடிக்கப்பட்ட செண்டெரோ அணையின் நீர்த்தேக்கம் வேறு வகையானது. அதன் அடிச்சேறு பால்மரக் காலத்திலேயே படியத் தொடங்கியது. அதற்கு முந்திய காடழிப்பைக் காண, ஆற்றின் பழைய வளைவுகளில் தேங்கிய குட்டைகளை நாட வேண்டும்.

இங்குதான் இடர்ப்பாடு எழுகிறது. 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு இம்மாநிலத்தில் தொடங்கிய இரப்பர், நம் முன்னோரின் பல தலைமுறை வாழ்வை நிர்ணயித்தது. எனினும் அதன் மகரந்தம் ஒட்டும் இயல்புடையது. சிறு பூச்சிகள் சுமந்து செல்வது. காற்றில் மிதந்து நீர்நிலையை அடைவது சிறிதே. பின்னர்ப் பரவிய செம்பனையோ மகரந்தத்தை வாரி இறைக்கும். ஆகவே சேற்றுத்தூணில் இரப்பர் மகரந்தம் அருகியிருப்பின், தோட்டமே சிறிதென முடிவுகட்டுதல் தவறு. மகரந்தக் கணக்கு மரங்களின் தலைக்கணக்கன்று. (சங்கப் பாடல்களின் மலர்ப்பெயர்களை எண்ணித் தாவரப் பட்டியல் வகுப்போருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.)

தோட்டம் திறக்கப்பட்டதை உணர்த்தும் தடயங்கள் வேறு. காடெரித்த கரித்துகள், மழை அரித்துவந்த செம்மண், காட்டுமர மகரந்தத்தின் சரிவு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. வெட்டவெளியில் மண்டும் லாலாங் புல்லும், நீலகிரியின் வறட்சிக்காலப் புற்களைப் போன்றே, கரிமம்-13இல் தன் அடையாளத்தை விட்டுச்செல்லும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போன நிலையில், வட்டார வரலாறு எழுத முனையும் தமிழாசிரியர்களுக்கு இத்துறையில் இடமுண்டு என்பது என் கருத்து. எந்த நிரைக்காட்டில் எந்த ஆண்டு மறுநடவு நடந்தது என்பதைப் பால்வெட்டிய முதியவர் ஒருவர் சொல்லக்கூடும். காரீயம்-210 அதனைச் சில ஆண்டுகள் முன்பின்னாகவே சொல்லும்.