கோவிவன் காத்திருந்த கதை

"நாய்க்கெல்லாம் கல்லு நட்டிருக்காங்களாப்பா?"

போன ஐப்பசியில் அப்பா கேட்ட கேள்வி இது. கொல்லையில் வேப்பமரத்தடியில் குழியை மூடிவிட்டு, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். குழிக்குள் இருந்தது மணி. ஒன்றரை வயசு நாட்டு நாய்.

அப்பாவும் அம்மாவும் திருவண்ணாமலை பக்கம் கிராமத்தில் ரெண்டு மாட்டோடு இருக்கிறார்கள். நான் பெங்களூரில் கோடு எழுதிப் பிழைப்பவன். என் பெண்ணுக்கு மணி மேல் உயிர். ஆனால் தாத்தா மேல் அவளுக்கு ஒரு குறை உண்டு. நாயை வீட்டுக்குள் விடமாட்டார், தூக்கிக் கொஞ்சமாட்டார். "தாத்தாவுக்கு மணியைப் பிடிக்கவே பிடிக்காதுப்பா" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்பாவைப் பொறுத்தவரை நாய் என்பது மாட்டுக்கொட்டகைக்கு ஒரு பூட்டு, அவ்வளவுதான் என்று.

அப்புறம் மணிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், இருமல், கடைசியில் வலிப்பு. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு டிஸ்டெம்பர் என்றார். வைரஸ் நோய். வந்துவிட்டால் வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, ஆனால் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. அந்த ஊசியை "அடுத்த தடவை வரும்போது போட்டுக்கலாம்" என்று ரெண்டு முறை தள்ளிப்போட்டவன் நான்தான். மூன்று வாரம் அப்பா கொட்டகையிலேயே சாக்கு விரித்துப் படுத்து, கஞ்சியைக் கரண்டியால் அதன் வாயோரம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் கேள்விக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தேடியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பக்கத்து ஊரிலேயே ஒரு கல்

பதில் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. அங்கே எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எழுத்து வட்டெழுத்து. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளுக்காகச் சண்டையிட்டுச் செத்திருக்கிறான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய்க்கென்று தனியாக ஒரு வாசகமும் உண்டு: கோவிவன் என்னும் நாய் ரெண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்தது என்பது அதன் பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது பேர். "ஒரு நாய்" என்று எழுதியிருந்தாலே போதும். கல்லில் ஒவ்வொரு எழுத்தும் உளியால் வெட்ட வேண்டியது, சும்மா சேர்க்கமாட்டார்கள். ஆனாலும் பேர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து மாட்டுக்காரர்கள் எத்தனையோ பேரின் பேர் நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாயின் பேர் தெரியும்.

இன்னொன்று, அந்த வாசகத்தில் வரும் சொல். "காத்திருந்தவாறு" என்று இருக்கிறது. இன்றைக்குக் "காத்திருந்தது" என்றால் பஸ்ஸுக்கு நிற்பதுபோல ஒன்றுக்காக எதிர்பார்த்து இருந்தது என்று அர்த்தம். சொல்லைப் பிரித்தால் காத்து, இருந்தது. காவல் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தது. கல்வெட்டில் அந்தப் பொருள்தான். காவல் இருப்பதும் எதிர்பார்த்து இருப்பதும் நம் மொழியில் ஒரே சொல்லாக ஆகியிருக்கிறது. வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அது ரெண்டையும் ஒரே நேரத்தில்தான் செய்கிறது.

பரிசாகக் கேட்ட நாய்

இதற்கு முன்னூறு வருஷம் கழித்து இன்னொரு கல். அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் 949-ல் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்தது நமக்குத் தெரியும். அவனைக் கொன்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று போரிட்டவன். அந்தப் போரில் பூதுகனின் வீரன் மணலேரன் நன்றாகச் சண்டை போட, என்ன வேண்டும் கேள் என்றிருக்கிறான் பூதுகன். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை.

பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, ரெண்டும் செத்துப்போயின. மணலேரன் அதற்குக் கர்நாடகத்தின் மண்டியா பகுதியில் உள்ள ஆதகூரில் கோயில் முன்னால் கல் நட்டான். பூசைக்கு நிலமும் விடப்பட்டது. அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் பாவம் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு இருக்கும் அந்தக் கல்லைப் பிற்பாடு பெங்களூரு அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தக்கோலம் போரைப் பற்றிய முக்கியமான ஆதாரங்களில் ஒன்று இந்த நாய்க்கல்.

நாயோடு நிற்கவில்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் முகையூர் மேற்சேரிக்காகச் சண்டை போட்ட ஒரு சேவலுக்கும் கல் இருக்கிறது.

இதுவரை பார்த்ததை வைத்து ஒருத்தர் கேட்கலாம்: "எல்லாம் வேலை செய்த பிராணிகள்தானே? திருடனைக் கடித்தது, பன்றியைப் பிடித்தது, பந்தயத்தில் நின்றது. உபயோகத்துக்குத்தானே மரியாதை?" நானும் அங்கேதான் நின்றேன். அடுத்த கல்லறை என்னை மாற்றியது.

உபயோகமில்லாத குட்டி

ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசலில் 1914-ல் கல் உடைக்கிற வேலையாட்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாயின் எலும்புகள். சுமார் 14,000 வருஷம் பழையது. அப்போது விவசாயமே கிடையாது.

லுக் யான்சென்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவும் அந்த நாயின் பற்களை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பல் வளரும்போது கடுமையான நோய் வந்தால் எனாமலில் அது கோடாகப் பதியும். கிட்டத்தட்ட மரத்தின் வளையம் மாதிரி ஒரு லாக் ஃபைல். அதை வைத்து அவர்கள் சொன்னது: அது ஏழு மாதம்கூட நிரம்பாத குட்டி. சுமார் 19 வாரத்தில் நோய் கண்டிருக்கிறது. திரும்பத் திரும்பப் படுத்திருக்கிறது. ஆனாலும் சுமார் 28 வாரம் வரை உயிரோடு இருந்திருக்கிறது. யாராவது சூடாக வைத்து, சுத்தம் செய்து, தண்ணீரும் சாப்பாடும் ஊட்டாமல் அத்தனை நாள் தாங்கியிருக்காது.

அவர்கள் கணித்த நோய், டிஸ்டெம்பர்.

இதைப் படித்த ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நோயில் கிடக்கும் குட்டி வேட்டைக்கும் ஆகாது, காவலுக்கும் ஆகாது. பனிக்காலத்து மனிதனுக்கு உணவு சுலபமாகக் கிடைத்ததும் இல்லை. அப்படியிருந்தும் வாரக்கணக்கில் ஒருவர் உட்கார்ந்து ஊட்டியிருக்கிறார். எங்கள் கொட்டகையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தவர்போல.

சோறும் பார்வையும்

கஞ்சி என்றதும் ஒரு விஷயம். நாய் நம் சோற்றுக்கு ஏற்றபடி உள்ளுக்குள்ளேயே மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு வழக்கமாக 2 பிரதிதான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஸ்வீடன் குழு எழுதியது. நாம் போட்ட மிச்சச்சோறு அதன் மரபணுவில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லலாம்.

மாற்றம் நம் பக்கமும் உண்டு. 2015-ல் 'சயின்ஸ்' இதழில் ஜப்பானின் அஸாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாகஸாவா, கிகுசுய் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 30 நாய்களையும் அவற்றின் எஜமானர்களையும் அரைமணி நேரம் ஒரே அறையில் விட்டு, முன்னும் பின்னும் சிறுநீரில் ஆக்ஸிடோசின் அளவைப் பார்த்தார்கள். தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பு உண்டாக்கும் அதே ஹார்மோன். நாய் எஜமானரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஜோடிகளில் ரெண்டு பேருக்கும் அது கூடியிருந்தது. மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் இப்படி நடக்கவில்லை. 30 ஜோடி என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் எனக்கு அதில் பட்டது வேறு. கொஞ்சினால்தான் பிணைப்பு என்று இல்லை, பார்வைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அப்பா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மணி வாசற்படிக்கு வெளியே படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவரும் பார்ப்பார். அதை நான் அன்பு என்ற கணக்கில் சேர்த்ததே இல்லை.

திரும்ப ஊருக்கு

பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கோவிவன் பேரை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "ரெண்டு திருடனையா? கெட்டிக்கார நாய்தான்" என்றார். வேப்பமரத்தடியில் பார்த்தேன். உடைந்த அம்மிக்கல் ஒன்று குழி மேல் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நரி தோண்டிடக் கூடாதுல்ல" என்றார். என் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அம்மிக்கல் மேல் ரெண்டு செம்பருத்தி வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது கொட்டகையில் புதுக் குட்டி ஒன்று வந்திருக்கிறது. குட்டி வளர்ப்பவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன்: 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் வரை சில வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். வெறிநாய்க்கடி தடுப்பூசி தனி. தேதிகளை உங்கள் மருத்துவரே குறித்துத் தருவார். எங்கள் வீட்டில் அந்தத் தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். முதல் ரெண்டும் ஆகிவிட்டது. மூன்றாவதற்கு வர்ற சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

குட்டிக்கு என் பெண் வைத்த பேர் கோவிவன். அப்பாவுக்கு வாயில் நுழையவில்லை. கோவி என்று கூப்பிடுகிறார். திரும்பிப் பார்க்கிறது.