தாயும் சேயும் நுண்ணுயிரும்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் நம் உடலிலும் மண்ணிலும் நீரிலும் நிறைந்துள்ளன. அவற்றுள் உதவுவன எவை, தீங்கு செய்வன எவை எனப் பகுத்தறிதல் தாயையும் சேயையும் காக்கும் முதற்படியாகும். அவ்வறிவைப் பேறுகாலத்தோடு பொருத்திக் காட்டுகிறது இக்கட்டுரை.

உடலில் வாழும் உயிர்கள்

ஆலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே செய்த நுண்ணோக்கியின் வழியே 1676ஆம் ஆண்டில் பாக்டீரியாக்களைக் கண்டு எழுதினார். நம் உடலின் உயிரணுக்களுக்கு ஏறத்தாழ ஈடான எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் நம்முள் வாழ்கின்றன என்பதை இன்று அறிவோம். குடலில் வாழ்வன செரிமானத்திற்குத் துணைபுரிகின்றன. வைட்டமின் கே ஆக்கித் தருகின்றன. பாலைத் தயிராக்கும் லாக்டோபேசில்லஸ் இனத்தின் உறவுகள் பெண்ணின் பிறப்புவழியில் வாழ்ந்து, அமிலம் சுரந்து, தீய கிருமிகளைத் தடுக்கின்றன. பிறக்கும் குழந்தை தன் முதல் நுண்ணுயிர்களுள் பலவற்றைத் தாயிடமிருந்தே பெறுகிறது. ஆகவே, பாக்டீரியா என்றாலே நோய் எனக் கருதுதல் பொருந்தாது.

கைகளைக் கழுவச் சொன்னவர்

எனினும், இடம் மாறிய நுண்ணுயிர் உயிரைப் பறிக்கவும் கூடும். வியன்னா பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில், மருத்துவச்சியர் பயின்ற பிரிவைவிட மிகுதியான தாய்மார்கள் பேறுகாலக் காய்ச்சலால் மாண்டனர். பிணக்கூறாய்வு செய்த கைகளோடு மாணவர்கள் பேறு பார்க்க வருவதே காரணம் என உய்த்துணர்ந்தார் செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என இருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2ஆகக் குறைந்தது. ஆயினும், மூத்த மருத்துவர் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. அவர் 1865இல் மறைந்தார். பேறுகாலக் காய்ச்சலில் காணப்படும் சங்கிலி வடிவப் பாக்டீரியாவை 1879இல் பாஸ்டர் எடுத்துக்காட்டினார்.

வெள்ளமும் நோயும்

செம்மல்வெய்ஸ் பயன்படுத்திய குளோரின் சுண்ணாம்பையே நாம் பிளீச்சிங் பவுடர் என்கிறோம். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடல் சேரும் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் அதன் தேவை பெரிது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்ட ஊர்கள் பலவற்றை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய காலங்களில் குடிநீரில் கழிவு கலந்தால் காலரா, டைபாய்டு ஆகியவை பரவும். வயிற்றுப்போக்கால் தாயின் உடல்நீர் வற்றினால், கருவுக்குச் செல்லும் குருதியும் குறையும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் புண்பட்ட காலுடன் நடப்போரை எலிக்காய்ச்சல் பற்றக்கூடும். நாற்று நடும் கருவுற்ற பெண்ணுக்கு அது கருச்சிதைவையும் விளைவிக்கலாம். கொதிக்கவைத்து ஆறிய நீரும், காலிற்புண் உள்ளபோது சேற்றைத் தவிர்த்தலும் தக்க காப்புகளாகும்.

மறைக்கக் கூடாத நோய்

கருவுற்ற காலத்தில் கருப்பை விரிந்து சிறுநீர்க் குழாய்களை அழுத்துகிறது. தேங்கும் சிறுநீரில் ஈ.கோலை பாக்டீரியா பெருகுகிறது. சிலரிடம் வலியோ எரிச்சலோ தோன்றாது. ஆயினும் கவனியாது விட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். குறைமாதப் பேறும் நேரலாம். கழிப்பிட வசதியின்மையால் நீர் அருந்தாதிருத்தலும், நீர்க்கடுப்பைச் சொல்லக் கூசி மறைத்தலும் இத்தீங்கை வளர்ப்பன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யப்படும் எளிய சிறுநீர்ப் பரிசோதனையால் இதனை முன்னரே அறியலாம். ஆனால், மருத்துவர் அறிவுரையின்றி மருந்து உண்ணுதல் கூடாது. டெட்ராசைக்ளின் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தையின் பல், எலும்பு ஆகியவற்றைப் பாதிக்கும்.

தாய் தரும் காப்பு

முற்காலத்தில் துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடியை அறுத்ததாலும், அதன்மீது சாணமோ சாம்பலோ இட்டதாலும் ரணஜன்னி கண்டு பச்சிளங்குழந்தைகள் பல இறந்தன. கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி இட்டால், அவர் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சேயைச் சென்றடைகிறது. தடுப்பூசியும் தூய்மையான பேறும் பரவியதன் பயனாக, தாய்சேய் ரணஜன்னியை ஒழித்த நாடு என்னும் நிலையை இந்தியா 2015இல் எய்தியது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன.

நுண்ணுயிர்கள் இல்லாத உலகில் நாம் வாழவியலாது. கழுவிய கை, காய்ச்சிய நீர், காலத்தே செய்யும் பரிசோதனை, உரிய தடுப்பூசி ஆகிய நான்கும் தாயின் உயிரைக் காக்கும் எளிய வழிகளாகும். இவற்றைக் கற்ற மாணவர் ஒருவர் தம் இல்லத்தாருக்கு எடுத்துரைப்பின், அக்கல்வி ஓர் உயிரைக் காத்ததாகவும் அமையும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்மார்களுக்குச் செய்யப்படும் பரிசோதனைகளைக் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. மழைக்காலத்தில் குடிநீரைத் தூய்மையாக்கும் முறைகள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.